தொண்டைப் புண்ணும் இருதயமும்
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

 

இன்னிசைக்கும் நாடகத்துக்கும் இடையே ஒரு வைத்தியனைப் பேச அழைத்திருக்கிறீர்கள். விருந்தின் நடுவே கஷாயம் பரிமாறுவது போன்றது இது. ஆகவே சுருக்கமாகவே பேசுவேன்.

பெங்களூரில் குடியேறிய நம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. குழந்தை இருமினாலும், மூக்கொழுகினாலும், தொண்டை நோகிறதென்று அழுதாலும், "இந்த ஊர்க் குளிர்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். மிளகுப் பாலும் சுக்குக் கஷாயமும் கொடுப்போம். நாலு நாளில் குணமாகிவிடும். இதைக் குறை கூறுவதற்காக நான் எழவில்லை. தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸ்களால் வருபவை. அவற்றுக்குப் பெனிசிலினாலும் பயனில்லை. மிளகுப் பாலால் இதமாவது உண்டு. ஆயினும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரும் தொண்டை வலிகளில் ஏறக்குறைய நான்கைந்தில் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவால் வருவது. அதுதான் இன்றைய பேச்சுக்குரியது.

அதன் குறிகள் சில. திடீரெனக் காய்ச்சல் எழும். விழுங்கும்போது வலி மிகும். டான்சில்கள் சிவந்து வீங்கி, அவற்றின்மேல் வெண்சீழ் படியும். கழுத்தில் நெறி கட்டும், தொட்டால் நோகும். இருமலும் மூக்கொழுகலும் பெரும்பாலும் இரா. இக்குறிகள் ஐயத்தைத் தருமேயன்றி முடிவைத் தாரா. தொண்டையிலிருந்து பஞ்சினால் ஒற்றியெடுத்துச் சோதித்தால் தெளிவாகும்.

இந்தத் தொண்டைப் புண்ணும் தானே ஆறிவிடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்குச் செல்லும், விளையாடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மீண்டும் காய்ச்சல். முழங்கால் வீங்கும், அது வாடுமுன் கணுக்கால் நோகும், பிறகு முழங்கை. இதுவே ருமாட்டிக் காய்ச்சல். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ளவர்களையே இது மிகுதியும் பற்றும். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை, கிருமியின் சாயல் கண்ட இடத்தையெல்லாம் தாக்குகிறது. மூட்டுகளையும் இருதய வால்வுகளையும் பகையெனக் கருதிவிடுகிறது. மூட்டுகள் வடுவின்றித் தேறிவிடும். வால்வுகளோ பலருக்குத் தேறுவதில்லை, தடித்துச் சுருங்கிவிடும். சிலருக்கு, முக்கியமாகப் பெண் குழந்தைகளுக்கு, சில மாதங்கள் கழித்துக் கைகால்கள் தாமே துடிக்கும். அதைச் சேட்டையென்று அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1982ஆம் ஆண்டு, நான் இளமருத்துவன். அல்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தம் ஒன்பது வயது மகளை அழைத்து வந்தார். "கால் நோகிறது ஐயா, நேற்று இந்தக் கால், இன்று அந்தக் கால்" என்றார். வெளியே நீண்ட வரிசை. "வளர்கிற வயதம்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முந்திய மாதம் தொண்டை நோவு இருந்ததா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்; இருதயத்தில் குழாயை வைத்துக் கேட்டிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. வேறொரு மருத்துவர் சில வாரங்களில் நோயைக் கண்டுபிடித்து, மூன்று வாரத்துக்கொரு முறை பென்சதைன் பெனிசிலின் ஊசி போடத் தொடங்கினார்.

அந்த ஊசி ஓராண்டு ஒழுங்காக நடந்தது. பிறகு தகப்பனாருக்கு வேலை போயிற்று. குடும்பம் திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்த ஊருக்குச் சென்றது. ஊசி அட்டை பெட்டிக்குள் போயிற்று. பெண் நன்றாகத்தானே இருக்கிறாள் என்று விட்டார்கள். பின்னர் திருமணப் பேச்சு வந்தபோது, "பெண்ணுக்கு இருதய நோயாம்" என்னும் சொல் வெளியே போகலாகாதென்று அட்டையையே எரித்துவிட்டார்களாம். 1993இல் அவள் ஏழு மாதக் கர்ப்பிணியாய், படுத்தால் மூச்சு முட்டும் நிலையில், இதே நகருக்குத் திரும்பி வந்தாள். மைட்ரல் வால்வு விரல்நுனியும் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. தாயார் என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

அவள் பிழைத்தாள். ஜப்பானிய மருத்துவர் இனூயே 1984இல் உலகுக்கு அறிவித்த முறைப்படி, தொடைச் சிரையின் வழியே பலூனைச் செலுத்தி, சுருங்கிய வால்வை விரித்தார்கள். பெங்களூரிலேயே ஜயதேவா இருதயநோய் மருத்துவமனை இம்முறைக்குப் பெயர்பெற்றதாக வளர்ந்திருக்கிறது. பலூனுக்கு இணங்காத வால்வை மாற்றவேண்டுமெனில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானின் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதனுக்குப் பொருத்தப்பட்ட நம் நாட்டு வால்வும் உண்டு. ஆனால் எஃகு போன்ற எந்திர வால்வு வைத்தவர் வாழ்நாள் முழுதும் இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்ண வேண்டும்.

இவ்வளவையும் தடுத்திருக்கக்கூடியது மலிவான பெனிசிலின். அமெரிக்காவில் வாரன் என்னும் படைமுகாமில் தொண்டைப் புண் கண்ட வீரர்களுக்குப் பெனிசிலின் கொடுத்து, ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுக்கலாம் என்று 1950இலேயே மெய்ப்பித்துவிட்டார்கள். தொண்டை நோவு தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் மருந்தை ஆரம்பித்தாலும் பலன் உண்டு. மாத்திரையாயின் பத்து நாள் முழுவதும் உண்ண வேண்டும். மூன்றாம் நாளே வலி தீர்ந்துவிடுவதால் மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கென்று எடுத்துவைக்கும் சிக்கனம் நம் வீடுகளில் உண்டு. தாய்மார்கள் கோபங்கொள்ள வேண்டா. என் வீட்டிலும் நடந்ததுதான். அதே முகாமில் கட்டில்கள் நெருங்கநெருங்கக் கிருமியும் எளிதில் பரவியதைக் கண்டார்கள். ஓரறையில் அறுவர் படுத்துறங்கும் நம் குடியிருப்புகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நோய் ஒருமுறை வந்துவிட்டால் ஊசி நெடுங்காலம் தொடர வேண்டும். இருதயம் பாதிக்கப்படாதவருக்கே குறைந்தது ஐந்தாண்டு, அல்லது இருபத்தொரு வயது வரை, எது பிந்தியதோ அதுவரை. வால்வு கெட்டவருக்கு நாற்பது வயது வரையிலும் ஆகலாம். வெளிக்குறியே இல்லாமல், எக்கோ சோதனையில் மட்டும் ஆரம்ப நிலை தெரிந்த பிள்ளைகளை உகாண்டாவில் இரண்டாண்டு கண்காணித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி பெற்ற 399 பேரில் மூவருக்கே நோய் முற்றியது; பெறாத 400 பேரில் முப்பத்துமூவருக்கு முற்றியது.

தொண்டைப் புண்ணுக்குப்பின் முகம் வீங்கிச் சிறுநீர் தேயிலை நிறமானால் சிறுநீரகம் தாக்கப்பட்டிருக்கலாம், உடனே காட்டுங்கள். நிமோனியா வேறு கதை. அதற்குரிய நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடெங்கும் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கைக்குழந்தை உள்ளவர்கள் தவறவிட வேண்டா.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம்மவர்கள் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊருக்குப் போவார்கள், சிலர் திரும்புவதில்லை. ஊசி அட்டை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருப்பதால் அங்கே வீட்டார்க்குப் படிக்க இயலாமற் போகிறது. நம் வாசகசாலையில் ஒரு குறிப்பேடு வைத்து, அத்தகைய அட்டைகளுக்குத் தமிழில் நகல் எழுதிக் கொடுக்க இளைஞர்கள் இருவர் முன்வந்தால், ஞாயிறுதோறும் காலையில் நானும் வந்து உடனிருப்பேன்.

சற்றுமுன் ஓர் அம்மையார் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: "அந்த ஊசி வலிக்குமா?" வலிக்கும், அம்மா. நன்றாகவே வலிக்கும். போட்ட பின் பிள்ளையைச் சற்று நடக்கவிடுங்கள்; மறுநாள் குறைந்துவிடும்.