வாடைக் காலத்து வீடு



வெண்பனி கொட்டும் நாடுகளிலே குளிர்காலம் வந்துவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு கணப்பருகே கம்பளி பின்னுவதும், கண்ணாடி யன்னலூடே தோட்டத்தைப் பார்த்திருப்பதும் ஓர் இன்பம் என்பர். நம்மவர் அங்கு சென்று எழுதியபோது அந்த இன்பத்தோடு தனிமையும் கலந்தது. 1994இல் எஸ்.பொ. முன்னின்று வெளிக்கொணர்ந்த கதைத்தொகுதிக்குப் 'பனியும் பனையும்' என்றே பெயர். ஆனால், தொல்காப்பியர் வகுத்த முன்பனியும் பின்பனியும் புல்நுனியில் நிற்கும் ஈரத்தின் காலங்கள். பழைய சொல் புதிய குளிரைச் சுமக்கிறது.

அட்டாளைச்சேனையில் வெண்பனி ஏது? ஆனால் வாடை உண்டு, மாரி உண்டு. கார்த்திகை பிறந்தால் கடல் கொந்தளிக்கும், தோணிகள் கரையேறும். கச்சான் காற்றிலே காய்ந்து கிடந்த மணல் வளவு கறுத்துக் குளிரும். வாளி வாளியாக நீர் இறைத்து வளர்த்த கத்தரிக்கும் பயற்றைக்கும் வானமே நீர் வார்க்கும். வேலியிலே பீர்க்கு மஞ்சளாகப் பூக்கும்.

இந்தப் பீர்க்கம்பூவை நக்கீரர் கண்டிருக்கிறார். பத்துப்பாட்டிலே 188 அடிகளில் அமைந்தது அவரது நெடுநல்வாடை. அதில் முசுண்டையின் வெண்பூவோடு பீர்க்கும் புதர்தோறும் மலர்கிறது. வீட்டினுள்ளே எத்தனை நுணுக்கம் பாருங்கள்! வேனிலில் வீசிய வட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அதிலே சிலந்தி நூல் கட்டிவிட்டது. தென்றலுக்குத் திறந்த கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. குளிர்ந்த நீரை ஒருவரும் தொடுவதில்லை. தடாவிலே நெருப்பு மூட்டிக் காய்கிறார்கள். இரவும் பகலும் தெரியாமல் புறாக்கள் மயங்குகின்றன. மாலை வந்ததை, பூந்தட்டில் இட்ட பிச்சி மொட்டு விரிவதைக் கொண்டே பெண்கள் அறிகிறார்கள். சாதாரண வீட்டுப் பொருள்களைக் கொண்டே ஒரு பருவத்தைக் காட்டிவிடுகிறார் புலவர்.

மாணவர்க்கு இப்பகுதியைச் சொல்லிக்கொடுப்பது எளிது. ஆனால் நக்கீரர் தொடங்கியது அங்கே அல்ல. மழை வெள்ளத்தை வெறுத்து, மேட்டு நிலத்துக்கு மந்தையை ஓட்டிவந்த இடையர்களையே முதலில் காட்டுகிறார். தலையிற் சூடிய காந்தள் நீரிலே நைய, கையில் கொள்ளி பிடித்து, தாடை அடிக்க நடுங்குகிறார்கள் அவர்கள். அவர்களுக்கு அவர் ஆண்ட சொல் 'புலம்பெயர்' என்பது. மாடு மேய்ச்சலை மறக்கிறது. பறவை கிளையிலிருந்து விழுகிறது. பிறகுதான் ஊரும் மாளிகையும். வீட்டுக்குள் இருப்பதன் சுகத்தைப் பாடுமுன் வெளியில் நிற்பவரை எண்ணியது அவர் நேர்மை என்றே நான் கொள்கிறேன்.

இந்தக் கரையிலே அந்த வரிசை வெறும் உத்தியன்று. 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கியது. 2004 மார்கழியில் கடலே வீட்டுக்குள் வந்தது. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் வந்த மதரசா மாணவர்களை வெள்ளம் கொண்டுபோயிற்று. கூரை ஒழுகாத வீட்டிலிருந்து மழையை இரசிப்பவர் இவற்றை மறந்துவிட முடியுமா?

ஒழுகாத கூரை உள்ள நாள்களில் இங்கே கம்பளிக்குப் பதில் பன். முன்னரே வெட்டி, வெயிலில் உலர்த்தி, சாயமிட்டு வைத்த பன்புல். உம்மாவும் மகளும் கால் நீட்டி அமர்ந்து பாய் இழைப்பார்கள். கிடுகைப் பின்னுகிறோம், கடகத்தை இழைக்கிறோம் என்று சொல்லும் தமிழ், பாய்க்கும் 'இழைத்தல்' என்பதையே கொண்டது. கடும் வெயிலில் முறியும் பன், ஈரக்காற்றில் விரலுக்கு வளைந்து கொடுக்கும். ஆகவே மாரி அந்தக் கைகளுக்கு ஓய்வுக் காலம் அல்ல. கம்பளி பின்னும் மேனாட்டுப் பெண்மணிக்கு அது பொழுதுபோக்காக இருக்கலாம். இவர்களுக்கு அது மறுநாள் சந்தைக்குப் போகவேண்டிய பொருள். ஆயினும் சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வரவேண்டுமா, ஊதா வரவேண்டுமா என்று இருவரும் தர்க்கிக்கும்போது, அங்கே விலைப்பேச்சு எதுவும் இல்லை.

இன்று பிளாஸ்டிக் பாய் மலிவாகக் கிடைக்கிறது. அதைச் சுருட்டி மூலையில் வைக்கலாம். மழைநாள் முழுவதும் மடியில் வைத்து வளர்க்க முடியாது.