பெருவெம்புப் பட்டறைகளின் கடன் கணக்கு

(கொழிஞ்சாம்பாறையில் கைவினைஞர்களும் சிறுகடை நடத்துவோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலைஞர்களைப் பாராட்டும் மேடைகள் நம்மிடையே பல உண்டு. அக்கலைஞரின் கையிலுள்ள கருவியை யார் செய்தார், எந்த முதலீட்டில் செய்தார், அதில் அவருக்கு எஞ்சியது என்ன என்று கேட்கும் மேடைகள் அரிது. அந்தக் கேள்வியை இன்று கேட்க விரும்புகிறேன். அதற்காக நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நமது சித்தூர் வட்டத்திலேயே பெருவெம்பு இருக்கிறது. செண்டை, மத்தளம், திமிலை, இடக்கை, மிருதங்கம், தபலா எனத் தோற்கருவிகள் பலவும் தலைமுறை தலைமுறையாக அங்கே செய்யப்படுகின்றன. கொல்லர் சமூகப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்களே பெரும்பாலும் இத்தொழிலில் உள்ளன. அவர்களுக்கு வீடே பட்டறை, திண்ணையே கடை. கோவில் மேளக்காரர், கச்சேரி வித்துவான், மாலை வேளையில் செண்டை பழகும் இளைஞர், மிருதங்க வகுப்பில் சேர்ந்த பள்ளிப் பிள்ளை ஆகியோரே அவர்களின் வாடிக்கையாளர்கள்.

இத்தகைய கடையின் பொருளியல் எப்படிப்பட்டது? ஒரு மிருதங்கத்தை எடுத்துக்கொள்வோம். உடலுக்குப் பலா மரம் வேண்டும். இருபுறத் தலைகளுக்கும் வாருக்குமாகப் பசு, ஆடு, எருமை என மூவகைத் தோல் வேண்டும். வலந்தலையின் நடுவே சோற்றையும் கிட்டான் கல்லின் பொடியையும் பிசைந்து, அடுக்கடுக்காகத் தடவித் தேய்த்துக் கரணை இட வேண்டும். ஈரம் வற்றாத கட்டையில் செய்த கருவி பின்னர் வெடிப்புக் காணும். ஆகவே மரத்தை முன்கூட்டியே வாங்கிக் காய வைக்க வேண்டும். நல்ல தோல் கிடைக்கும்போது வாங்கி வைக்காவிட்டால், தேவைப்படும்போது கிடைக்காது. அதாவது, ஒரு கருவி விலைபோவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கைப்பணம் மரமாகவும் தோலாகவும் முடங்கிவிடுகிறது.

வருமானமோ பருவத்தைச் சார்ந்தது. பூரங்களும் வேலைகளும் நடைபெறும் வேனில் மாதங்களில் வேலை குவிகிறது. மழைக்காலம் தொடங்கியதும் திருவிழாவும் இல்லை, தோலும் காய்வதில்லை. அம்மாதங்களில் அடுப்பு எரிவதற்கே கடன் வாங்க நேர்கிறது; அடுத்த பருவத்திற்கான மரத்திற்கும் தோலுக்கும் மீண்டும் கடன். பருவத்தில் ஈட்டியதன் ஒரு பகுதி வட்டியாகவே கரைகிறது. முன்பணம் கொடுத்துக் கருவிகளை வாங்கிச் செல்லும் வணிகர், அம்முன்பணத்தைக் காட்டியே விலையைக் குறைக்க முடிகிறது. பட்டறையும் உளியும் கைவினைஞருக்குச் சொந்தம். ஆயினும் அவருடைய உழைப்பின் பயனில் பெரும்பங்கு பிறரிடம் சென்று சேர்கிறது. சிறு உடைமையாளர்கள் பெருமூலதனத்தின் முன் நிற்க இயலாமல் உழைப்பாளர் வரிசைக்குத் தள்ளப்படுவதை மார்க்சும் எங்கெல்சும் 1848 இலேயே சுட்டிக்காட்டினர். அதை நம் கண்ணெதிரே காண்கிறோம்.

இந்த மெல்லிய கணக்கின்மீது கடந்த பத்தாண்டுகளில் அடிமேல் அடி விழுந்தது. 2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்ட பணமதிப்பிழப்பு, ரொக்கத்தில் நடைபெற்ற மாட்டு வணிகத்தையும் தோல் வணிகத்தையும் நிலைகுலையச் செய்தது. அடுத்த ஆண்டு மே 23 அன்று, இறைச்சிக்காகக் கால்நடைகளைச் சந்தையில் விற்பதற்குத் தடை விதிக்கும் விதிகளை ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்டது. ஒரு வாரத்திற்குள் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்கு இடைக்காலத் தடை பிறப்பித்தது. ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து நமது எல்லைக்குள் மாடு வருவது நின்றால் தோல் வருவதும் நின்றுபோகும் என்பதை அந்நாட்கள் உணர்த்தின. கோவிலில் ஒலிக்கும் செண்டைக்கும் மாட்டுச் சந்தைக்கும் உள்ள உறவை, பசுவின் பெயரால் அரசியல் நடத்துவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதன் பின்னர் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதுவும் விழாப் பருவத்தின் நடுவே வந்தது. அவ்வாண்டு திருச்சூர்ப் பூரமே சடங்காக மட்டும் நடைபெற்றது. மேளம் முழங்காத ஆண்டில் தோல் மாற்றவோ கரணை இடவோ யார் வருவார்?

கையால் செய்யப்படும் இந்திய இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு அளிக்கப்பட்டுள்ளதே எனச் சிலர் கேட்கலாம். விலக்கு உண்மையே. ஆனால் விலக்குப் பெற்ற பொருளை விற்பவர், மூலப்பொருள்களுக்குச் செலுத்திய வரியைத் திரும்பப் பெற இயலாது. அது செலவோடு செலவாகச் சேர்ந்துவிடுகிறது.

இனிக் கடன் உதவியைப் பார்ப்போம். 2023 செப்டம்பர் 17 அன்று பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் தொடங்கப்பட்டது. 5 விழுக்காடு வட்டியில் முதல் தவணையாக 1 லட்சம், அடுத்து 2 லட்சம் எனப் பிணையின்றிக் கடன் அளிக்கிறது. 18 தொழில்கள் அதில் இடம்பெற்றுள்ளன. தச்சர் உண்டு, கொல்லர் உண்டு, பொம்மை செய்வோர் உண்டு, மாலை தொடுப்போர் உண்டு. இசைக்கருவி செய்வோர் என்று ஒரு தனித்தொழில் இல்லை. குலத்தொழிலையே மையமாகக் கொண்ட அத்திட்டத்தை ஏற்க மறுத்த தமிழ்நாடு அரசு, 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. சாதி, குடும்பம் என்ற வரம்பின்றி எவரும் அதில் விண்ணப்பிக்கலாம் என்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் அது வாளையாற்றோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு இப்புறம் வாழும் நமக்கு அதில் இடமில்லை.

மதிப்பிலும் இதே ஏற்றத்தாழ்வு நிலவுகிறது. பாலக்காடு மணி ஐயரின் மேதைமையை எவரும் மறுக்க இயலாது. 1966 இல் அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கப்பட்டது. மிருதங்கம் செய்வோருக்கு அத்தகைய மேடை ஏது? டி.எம். கிருஷ்ணா மிருதங்கம் செய்வோரைப் பற்றி எழுதிய நூலின் வெளியீட்டு விழாவுக்கு அளித்த அரங்க அனுமதியை, 2020 இல் சென்னை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. தோலைத் தொடும் கையின் வரலாறு வேண்டாம், தோலிலிருந்து எழும் நாதம் மட்டும் போதும் என்னும் மனப்பான்மை இதில் வெளிப்படுகிறது. பாலக்காட்டு மத்தளத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அது பெருமைக்குரியதே. ஆனால் மழைக்காலத்தில் மரம் வாங்கப் பணம் தருவது அச்சான்றிதழின் வேலையன்று.

என்ன செய்யலாம்? விஸ்வகர்மா திட்டப் பட்டியலில் இசைக்கருவித் தொழில் சேர்க்கப்பட வேண்டும். குலத்தொழில் சாயல் நீக்கப்பட வேண்டும். மரமும் தோலும் மொத்தமாக வாங்கி இருப்பு வைக்கும் கூட்டுறவுக் கிடங்கு ஒன்று வேண்டும். கேரள கைவினைஞர் மேம்பாட்டுக் கழகம் இதற்குத் துணைநிற்கலாம். மழைக்கால மாதங்களில் தவணை தள்ளிவைக்கப்படும் வகையில், பருவத்தை ஒட்டிய கடன்முறையைக் கூட்டுறவு வங்கிகள் உருவாக்க வேண்டும். அரசுப் பள்ளிகளுக்கும் கலைக் கல்லூரிகளுக்கும் வேண்டிய கருவிகளைத் தொழிலாளர்களிடமிருந்தே நேரடியாக வாங்க வேண்டும். தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளில் தப்பு செய்வோரையும் இதில் சேர்க்க வேண்டும். அவர்களின் பெயர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

இக்கோரிக்கைகளில் எதுவும் தானாக நிறைவேறாது. ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே கடன்காரரை எதிர்கொள்ளும்வரை விலையைக் கடன்காரரே முடிவுசெய்வார். முதற்படியாக, பெருவெம்பில் எத்தனை பட்டறைகள் உள்ளன, ஒவ்வொன்றின் கடன் எவ்வளவு, யாரிடம், என்ன வட்டிக்கு என்ற கணக்கை வீடு வீடாகச் சென்று நமது கிளைத் தோழர்கள் எடுக்க வேண்டும். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அப்பணி முடிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.