புளியங்கொட்டையும் கழங்கும்



பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் ஆண்டுக்கு ஒருமுறையேனும் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோரின் மூட்டை முடிச்சுகளுக்கிடையே பெரியதொரு புளி உருண்டையும் வந்து இறங்கும். மும்பையிலோ தில்லியிலோ புளி கிடைக்காமல் இல்லை. ஆயினும் ஊர்ப் புளி ஊர்ப் புளிதான் என்பது நம் வீட்டுப் பெரியோரின் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது.

மும்பையில் எங்கள் இல்லம் இரண்டே அறைகள் கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் அன்னையார் ஊரிலிருந்து எங்களோடு தங்க வந்தபோது, கொட்டை நீக்காத புளியையே கொண்டுவந்தார். வந்த மூன்றாம் நாள் அரிவாள்மணையை எடுத்துவைத்துக்கொண்டு புளி ஆய உட்கார்ந்தார். ஐந்து வயது மகனும் எட்டு வயது மகளும் முதலில் எட்டி நின்று பார்த்தனர். பிறகு அருகே சென்று அமர்ந்தனர். மாலைக்குள் ஒரு படி அளவுக்குக் கொட்டைகள் சேர்ந்துவிட்டன.

அந்தக் கொட்டைகள் படுத்திய பாட்டை என்னென்பது! கழுவி உலர்த்தியதும் அவை பழுப்பு நிறத்தில் மெருகேற்றினாற்போல் பளபளத்தன. அவற்றைக் குவித்து வைத்து வாயால் ஊதிச் சிதறவிட்டு, பக்கத்துக் கொட்டை அசையாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அசைந்தால் ஆட்டம் எதிராளிக்கு. ஒருபுறத்தைத் தரையில் தேய்த்து வெண்மையாக்கினால் தாயத்துக்குப் பகடை கிடைத்துவிடும். அவ்வாறு தேய்க்கும்போது கொட்டை சூடேறுவதைக் கண்டுபிடித்த மகன், அக்காளின் முழங்கையில் அதை வைத்துப் பார்த்தான். உராய்வினால் வெப்பம் பிறக்கும் என்னும் பாடம் அன்று இருவருக்குமே விளங்கிற்று; ஒருவருக்குச் சற்று அதிகமாகவே விளங்கிற்று.

பிறகு அன்னையார் சுண்ணக்கட்டியால் தரையில் பதினான்கு வட்டங்கள் வரைந்து, வரிசைக்கு ஏழாக, பல்லாங்குழி ஆடக் கற்பித்தார். குழிக்கு ஐந்து கொட்டைகள் வீதம் எழுபது வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'; குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்ளலாம். தமிழில் இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாதிருந்த மகன் மூன்று நாளில் எழுபது வரை வந்தான். அவன் பள்ளியில் ஆங்கிலம், விளையாடுமிடத்தில் இந்தி. தமிழ் என்பது அவனுக்குப் பெற்றோர் கடிந்துகொள்ளும் மொழியாகவே இருந்துவந்தது. பாட்டியாரும் அவனும் பேசிக்கொள்ளப் பொதுவான சொற்கள் அதுவரை மிகக் குறைவு. 'பசு' என்று அவன் கூவியதும் பாட்டியார் பொய்க்கோபம் கொள்வதுமே அவர்களின் முதல் உரையாடல் என்று சொல்லலாம்.

இதை நாங்கள் அப்போது உணரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒருநாள் மாலை அலுவலகத்திலிருந்து களைத்து வந்து, இருட்டில் கொட்டையொன்றை மிதித்து வழுக்கி விழப் போனோம். சினம் மூண்டது. வீடு முழுவதும் குப்பையா என்று இரைந்து, அத்தனை கொட்டைகளையும் கூட்டி வாரிக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டோம். விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுக் கார் அலமாரியில் இருக்கையில் இது எதற்கு என்றும் கேட்டோம். (அந்தக் கார் வாங்கிய எட்டாம் நாளே ஓடுவதை நிறுத்திவிட்டது என்பது வேறு செய்தி.) மகன் அழுதான். அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. இரவு இரண்டு வாய் மோர்ச்சோற்றோடு எழுந்துவிட்டார். அடுத்த நாள் முதல் சன்னலோரத்தில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றேனும் அத்தெருவில் போவதற்கில்லை.

வழி காட்டியது அடுத்த வீட்டு மராத்திச் சிறுமி. நான்கைந்து நாள் கழித்து, சாம்பல் நிறமான உருண்டை விதைகள் சிலவற்றை உள்ளங்கையில் ஏந்தி வந்து, மகளை ஆட அழைத்தாள். ஒன்றை மேலே எறிந்து, அது விழுமுன் தரையிலுள்ளதை வாரிப் பிடிக்கும் ஆட்டம். அங்கே அதற்குச் 'சாகர்கோட்டே' என்று பெயர். சன்னலோரம் இருந்த அன்னையார் திரும்பிப் பார்த்தார். "இது கழற்சிக்காய் அல்லவா!" என்றார். எழுந்து வந்து, அறுபத்தெட்டு வயதுக் கையால் ஒன்றை எறிந்து இரண்டை வாரினார். அந்தச் சிறுமிக்குத் தமிழ் தெரியாது. அன்னையாருக்கு மராத்தி தெரியாது. பிற்பகல் முழுவதும் ஆட்டம் நடந்தது.

கழற்சிக்காய்தான் நம் சங்கப் பாடல்களில் வரும் கழங்கு. மகளிர் கழங்காடிய செய்தி அங்கே உண்டு. வேலன் அதைக்கொண்டு குறிபார்த்ததும் உண்டு. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் மணலில் கட்டும் சிற்றிலையும், சிறுபறையையும், சிறுதேரையும் குழந்தைப் பருவங்களாகவே வகுத்தனர். கீழடி அகழாய்வில் சுடுமண் வட்டச் சில்லுகளும் பகடைக்காய்களும் கிடைத்துள்ளன. உடைந்த பானை ஓட்டை உருட்டி எடுத்து விளையாடிய கைகள் எத்தனை தலைமுறைக்கு முற்பட்டவை!

1939ஆம் ஆண்டில் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மாண்டிசோரி அம்மையாரும், நீரைக் கலம் மாற்றி ஊற்றுதல், தானியங்களை வகை பிரித்தல் போன்ற வீட்டு வேலைகளையே குழந்தைகளுக்குக் கல்வியாக வைத்தார். நம் அடுக்களைகளில் அது கட்டணமின்றி நடைபெறும். நாம் அவசரப்பட்டுக் கையிலிருந்து பறிக்காவிட்டால்.

தில்லியில் உள்ள நேயர்கள் தம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை 'கிட்டே' ஆடச் சொல்லிப் பார்க்கட்டும். அது நம் அஞ்சாங்கல்லே. கன்னட நாட்டில் 'அளகுளி மணெ'யும், தெலுங்கு நாட்டில் 'வாமன குண்டலு'வும் நம் பல்லாங்குழிக்கு உடன்பிறப்புகள். பலகை இல்லையெனில் சுண்ணக்கட்டி போதும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் விதைகளைக் கைக்கெட்டாத இடத்தில் வைப்பது நல்லது, வாயில் போட்டுக்கொள்ளும்.

எங்கள் வீட்டுச் செய்திக்கு வருவோம். அவ்வாரக் கடைசியில், கொட்டை நீக்காத புளியைத் தேடி மாட்டுங்காவில் கடை கடையாக ஏறி இறங்கினோம். மூன்றாவது கடைக்காரர், கொட்டை நீக்கிய புளி இருக்கும்போது இதை ஏன் கேட்கிறீர்கள் என்று வியந்தார். காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. வழக்கம் என்று சொல்லிவைத்தோம். அன்னையார் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, புளி மட்டம் என்றார். ஆனால் அரிவாள்மணையை எடுத்துவரச் சொன்னார்.

அவர் ஊர் திரும்பிப் பல மாதங்கள் ஆன பிறகும், கட்டிலை நகர்த்திப் பெருக்கும்போது ஒன்றிரண்டு கொட்டைகள் அகப்படுகின்றன. மகன் அவற்றை வாங்கி எண்ணி ஒரு டப்பாவில் போட்டுவைக்கிறான். இதுவரை அறுபத்திரண்டு சேர்ந்திருக்கின்றன. இன்னும் எட்டு வேண்டுமாம்.