டவுன் ஹாலில் நமக்கும் ஒரு நாள்



தோணிரேவு மக்களே, பொன்னேரியில் ரயில் ஏறி மூர் மார்க்கெட் நிலையத்தில் இறங்குகிறவர்கள் உங்களில் நிறையப் பேர். சாலைக்கு வந்தால் வெள்ளை வெளேரென்று ரிப்பன் மாளிகை. அதன் பக்கத்தில், செங்கல் நிறத்தில், கோபுரம் வைத்து ஒரு கட்டடம். அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். பழைய ஆட்கள் வாயில் டவுன் ஹால். நாம் தினமும் தாண்டிப் போகிற கட்டடம். உள்ளே போனவர் யார் என்று கேட்டால் இங்கே எத்தனை கை உயரும்?

நகரத்துக்கென்று ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1882ல் சென்னைப் பிரமுகர்கள் கூடிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். வரைபடம் சிஸ்ஹோம் துரையுடையது, கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு நிலம், 99 வருடக் குத்தகை. வாடகை எவ்வளவு தெரியுமா? கிரவுண்டுக்கு வருடத்துக்கு எட்டணா! பணம் போட்டவர்கள் நம் ராஜாக்களும் ஜமீன்தார்களும் வியாபாரிகளும். பெயர் மட்டும் லண்டனில் இருந்த ராணிக்கு. சரி, அந்தக் காலம் அப்படி.

அந்த மேடை செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். 1891ல் பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் தன் குழுவோடு வந்து அங்கே தெலுங்கு நாடகம் போட்டார். படித்தவர்கள், உத்தியோகம் பார்ப்பவர்கள் வேஷம் கட்டி நடித்தார்கள். கூட்டத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பையன். தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவன். 'இவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?' என்ற ரோஷம் அவனுக்கு வந்துவிட்டது. அதே வருடம் ஜூலை 1ஆம் தேதி சுகுண விலாச சபை பிறந்தது. அந்தப் பையன்தான் பம்மல் சம்பந்த முதலியார். பிறகு 1902 முதல் 1936 வரை அந்தச் சபை குடியிருந்ததே அந்த ஹாலில்தான். பார்க்க உள்ளே விட்டார்கள், பையன் மேடையேறினான். விடாமல் இருந்திருந்தால்?

விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் அங்கே பேசினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பிய காந்திக்கும் கஸ்தூரிபாவுக்கும் 1915ல் அங்கே வரவேற்பு. சென்னை ஜனங்கள் முதன்முதலில் சினிமா என்ற அதிசயத்தைப் பார்த்ததும் அங்கேதான்.

ஹாலைச் சுற்றியிருந்த அந்தப் பார்க்கில்தான் ஆண்டுக் கடைசியில் பெரிய பொருட்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று பந்தலில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். பின்னால் வந்த மூர் மார்க்கெட்டும் 1985ல் எரிந்தது. இன்று நீங்கள் ரயிலை விட்டு இறங்குவது அது இருந்த இடத்தில். அத்தனையும் போனாலும் இந்த ஹால் நின்றது. அதுவும் பல வருடம் பூட்டிக் கிடந்து, 2023ல் மாநகராட்சி முப்பது கோடிக்கு மேல் ஒதுக்கிப் புதுப்பிக்க ஆரம்பித்தது.

என் கேள்வி இதுதான். அந்த மேடையில் விவேகானந்தர் ஏறினார், மகாத்மா ஏறினார். இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து யார் ஏறினார்கள்?

நம் இருளர் சகோதரிகள் இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தளவு தண்ணீர். ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடித்து, பறிக்குள் போடுவார்கள். வாயில் பறி இருக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேச முடியாது. கரைக்கு வந்த பிறகாவது பேச இடம் வேண்டாமா? முகத்துவாரம் தூர்ந்தால் இறால் உள்ளே வராது, மீன் வராது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரித்தால் கடற்கரை என்ன ஆகும் என்று கேட்கிறோம். இதையெல்லாம் நிபுணர்கள் ஏசி அறையில் நம்மைப் பற்றிப் பேசுகிறார்கள். நாமே பேசினால் குறைந்தா போய்விடும்?

பேச்சு மட்டும் போதாது, சரக்கும் வேண்டும். இங்கே பெண்கள் குருத்தோலையைக் காயவைத்து, சீராகக் கிழித்து, சாயத்தில் போட்டெடுத்து, மூடி கச்சிதமாக உட்காரும்படி பெட்டி முடைகிறார்கள். முடைந்த கைக்குக் கிடைப்பது ஒரு விலை, பட்டணத்துக் கடையில் எழுதியிருப்பது இன்னொரு விலை. டவுன் ஹாலின் கீழ் அரங்கில் அந்தப் பெட்டிகளை முடைந்தவர்களே வைத்து விற்கட்டும். மேல் அரங்கில் ஏரியைப் பற்றி நாம் பேசுவோம். இரண்டு அரங்கும் தலா அறுநூறு பேர் உட்காரக் கட்டியவை. நம் ஊரே போனாலும் இடம் மிஞ்சும்!

வருடத்துக்கு ஒரு நாள், பழவேற்காட்டு ஏரிக்கரை மக்களுக்கு, வாடகையில்லாமல். மாநகராட்சியிடம் நாம் கேட்பது அவ்வளவுதான். எட்டணாவுக்கு நிலம் கொடுத்த ஊருக்கு இது பெரிய விஷயமே இல்லை.

மனு எழுதி இந்த மேசை மேல் வைத்திருக்கிறோம். கலைவதற்கு முன் ஒவ்வொருவரும் வந்து கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டும் செல்லும். பெண்கள் முதலில் வாருங்கள்.