மின்சாரம் இழுக்கும் வண்டி

மட்டக்களப்பு வாவியின் நீர் கண்ணுக்கு இனியது. நீராவி இயந்திரத்துக்கோ ஆகாதது. உவர்நீர் கொதிகலத்துட் புகுந்தால் உப்புப் படிந்து கலம் கெடும். 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தபோது, அவ்வளவு பெரிய வாவியின் அருகே நின்ற இயந்திரத்துக்கும் நன்னீரே வேண்டியிருந்தது. இலங்கையில் நிலக்கரி கிடையாது. ஆதலின் அதுவும் கடல் கடந்தே வரவேண்டும்.

கரியும் நீரும் இன்றி வண்டியை இழுக்க முடியாதா என்ற வினா இப்பாதையினும் மிக மூத்தது. ஸ்கொத்லாந்து நாட்டவரான இராபர்ட் டேவிட்சன் 1842ஆம் ஆண்டில், மின்கலங்களைச் சுமந்து செல்லும் வண்டியொன்றை எடின்பரோ–கிளாஸ்கோ பாதையில் ஓட்டிப் பார்த்தார். ‘கல்வானி’ எனப் பெயர்பெற்ற அவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ நான்கு மைல் சென்றது. அது மனிதன் நடக்கும் வேகந்தான். மேலும், மின்கலத்திற் கரைந்து தீரும் துத்தநாகம் நிலக்கரியினும் மிகுந்த விலையுடையது. மின்சாரம் வண்டியை இழுக்கும் என்பது மெய்யாயிற்று. அம்மின்சாரத்தை மலிவாகப் பெறும் வழிதான் புலப்படவில்லை.

அவ்வழியை 1879ஆம் ஆண்டில் பேர்லின் நகரப் பொருட்காட்சியில் வேர்னர் சீமென்ஸ் காட்டினார். அவர் மின்சாரத்தை வண்டியில் ஏற்றவில்லை. வேறோரிடத்தில் டைனமோவைச் சுழற்றிப் பிறப்பித்த மின்சாரத்தை, தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த மூன்றாவது இரும்புப் பட்டை வழியாக அனுப்பினார். 300 மீற்றர் நீளமான வட்டப்பாதையிற் சிறிய வண்டி மக்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. பின்னர் 1895ஆம் ஆண்டில் சென்னையில் மின்சார டிராம் ஓடிற்று. 1931ஆம் ஆண்டில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சாரப் புகையிரதமே ஓடலாயிற்று.

அவ்வாறாயின், மட்டக்களப்புப் பாதைக்கு மின்கம்பி ஏன் வரவில்லை? கம்பியும் கம்பமும் துணை மின்நிலையமும் அமைக்கும் செலவு, நாளொன்றுக்கு நான்கு வண்டி ஓடினாலும் நானூறு ஓடினாலும் பெரிதும் மாறுவதில்லை. நெருங்கிய நகரங்களில் அச்செலவு பலர்மேற் பகிரப்படும். காடும் வயலும் கடந்து பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் என நீளும் பாதையில் அது சிலர்மேலேயே விழும்.

இதற்கு நடுவழியாக வந்ததே டீசல்-மின்சார இயந்திரம். அதனுள் டீசல் எஞ்சின் மின்பிறப்பாக்கியைச் சுழற்றும். பிறந்த மின்சாரம் சக்கர அச்சுகளில் உள்ள மோட்டார்களைச் சுழற்றும். டீசலை நேரே சக்கரத்தோடு பிணைத்தால் என்ன என்று கேட்கலாம். நிற்கும் டீசல் எஞ்சின் பாரத்தோடு தானே புறப்படமாட்டாது. மின்மோட்டாரோ புறப்படும் கணத்திலேயே மிகுந்த இழுவலுவைத் தரும். டேவிட்சனைப் போல வலுவின் ஊற்றை வண்டியிற் சுமந்து, சீமென்ஸைப் போல டைனமோவைப் பயன்படுத்துவதால், இருவருடைய சோதனைகளும் இதில் ஒன்றுசேர்ந்தன எனலாம்.

இலங்கை 1938ஆம் ஆண்டிலேயே இவ்வகையான மூன்று தொடர்வண்டிகளைப் பெற்றது. 1954ஆம் ஆண்டில், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா டீசல்-மின்சார இயந்திரங்களை அளித்தது. காலப்போக்கில் நீராவி விடைபெற, டீசல் அதன் இடத்தைப் பிடித்தது.

ஆயினும் பழைய வினா முற்றாகத் தீரவில்லை. அன்று கரி கடல் கடந்து வந்தது; பின்னர் எண்ணெயும் அவ்வாறே வந்தது. 2022ஆம் ஆண்டில் எரிபொருட் தட்டுப்பாடு நாட்டையே நிலைகுலையச் செய்தபோது, வலுவைப் பிற நாட்டிலிருந்து பெறுவதன் விலை யாவர்க்கும் விளங்கியது. மலையருவியும் வெயிலும் காற்றும் இந்நாட்டுக்குச் சொந்தமானவை. அவற்றிற் பிறக்கும் மின்சாரம் என்றேனும் வாவிக்கரை வரை வண்டியை இழுத்துவருமாயின், டேவிட்சன் தொடங்கிய முயற்சி இங்கும் நிறைவெய்தும்.