மாசு யாருடையது, தண்டனை யாருக்கு?



அயோத்திதாசப் பண்டிதர் நினைவாக நடைபெறும் இந்தக் கூட்டத்தில் பேசுவதற்கு ஒரு சொல்லை எடுத்துக்கொள்கிறேன். 1907இல் ஒரு பைசா விலையில் தமிழன் இதழைத் தொடங்கிய பண்டிதர், நம்மீது சுமத்தப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் எங்கிருந்து வந்தாய் என்று நிறுத்திக் கேட்டவர். இன்று நான் நிறுத்திக் கேட்க விரும்பும் சொல் ‘மாசு’. நகரத்து இறைச்சிக்கூடங்களை மூடச் சொல்லும் நீதிமன்ற ஆணைகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் அது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘தீட்டு’ என்ற பழைய சொல் எப்போது வந்து நின்றுகொள்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாசு பொய்யல்ல. இரத்தமும் கொழுப்பும் சாணமும் சுத்திகரிக்கப்படாமல் கால்வாயில் கலந்தால், அந்த நீரிலுள்ள உயிர்வளி தீர்ந்துபோகும். மீன் சாகும், நாற்றம் எழும், நோய் பரவும். அந்தக் கால்வாய் எந்தத் தெரு வழியாக ஓடுகிறது? சென்னையில் ஆட்டுத்தொட்டி என்று சொன்னால் புளியந்தோப்பும் சைதாப்பேட்டையும் நினைவுக்கு வரும். அங்கே சுவரையொட்டிக் குடியிருப்பவர்கள் உழைக்கும் மக்கள். சுத்தமான இறைச்சிக்கூடம் வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். அதனால் நீதிமன்றம் தலையிடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மாசுபடுத்தியது யார், அதற்கான விலையைக் கொடுத்தது யார் என்பதே என் கேள்வி.

அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். நகராட்சிகளின் பொறுப்புகளை வரிசைப்படுத்தும் அந்தப் பட்டியலில் 18ஆவது இனம், இறைச்சிக்கூடங்களையும் தோல் பதனிடும் இடங்களையும் ஒழுங்குபடுத்துதல். பெரும்பாலான நகரங்களில் இறைச்சிக்கூடம் மாநகராட்சியின் சொத்து. கட்டடம் அவர்களுடையது, கட்டணம் வாங்குபவர்கள் அவர்கள், முத்திரை குத்துபவர்களும் அவர்கள். இரத்தத்தைத் தனியே சேகரிக்கத் தொட்டி, கொழுப்பைப் பிரிக்க அமைப்பு, குடல் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் பழகிப்போன தொழில்நுட்பங்கள். அவற்றைக் கட்ட வேண்டியது கத்தி பிடித்தவரின் வேலையா? குடல் கழுவும் பெண்ணின் வேலையா?

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதியாக எடுத்துரைத்தது நம் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில்தான். வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கு என்று சட்ட மாணவர்கள் படித்திருப்பீர்கள். அதே கொள்கையை இறைச்சிக்கூடத்துக்குப் பொருத்தினால் முதலில் பணம் கட்ட வேண்டியது மாநகராட்சி.

இன்னொரு வழக்கும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில் திறந்த சாக்கடையின் நாற்றம் தாங்காமல் மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிதி இல்லை என்றது நகராட்சி. 1980இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அந்தச் சாக்கை ஏற்கவில்லை. பணமில்லை என்று சொல்லிக் கடமையிலிருந்து தப்ப முடியாது, வடிகால் கட்டு, கழிப்பிடம் கட்டு என்று ஆணையிட்டது. தெருவைக் காலி செய் என்று சொல்லவில்லை. ரத்லத்தில் ‘கட்டு’ என்ற சட்டம், இறைச்சிக்கூடம் என்றதும் ஏன் ‘மூடு’ என்கிறது?

தில்லிக்கு வருவோம். பழைய தில்லியின் ஈத்கா இறைச்சிக்கூடத்துக்கு எதிராக மேனகா காந்தி தொடுத்த வழக்கில், 1990களில் தில்லி உயர் நீதிமன்றம் அறுக்கும் கால்நடைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்து, கூடத்தை மூடவும் ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கடைசியில் 2009இல் கிழக்கு தில்லி காஸிப்பூரில் இயந்திரமயமான கூடம் திறக்கப்பட்டு, அதை நடத்தும் பொறுப்பு தனியார் நிறுவனத்திடம் போனது. காஸிப்பூர் எப்படிப்பட்ட இடம்? நகரத்தின் குப்பைமலை நிற்கும் இடம். 2017 செப்டம்பரில் அந்த மலை சரிந்து 2 பேர் உயிரிழந்தார்கள். கண்ணுக்குத் தெரியக்கூடாதவை எல்லாம் ஒரே மூலைக்குத் தள்ளப்பட்டன. ஊருக்கு வெளியே சேரி என்ற ஏற்பாடு நமக்குப் புதியதா?

கையால் அறுத்தவர்கள், தோல் உரித்தவர்கள், தோலுக்கு உப்பிட்டவர்கள், குடல் கழுவியவர்கள், தலையும் காலும் வாங்கி விற்றவர்கள், தரை கழுவியவர்கள். குரேஷி முஸ்லிம்களும் தலித்துகளும் தோளோடு தோள் நின்ற உழைப்பு அது. இயந்திரம் வந்தபோது இவர்கள் என்ன ஆனார்கள் என்று எந்தப் பதிவேடு சொல்லும்?

அதே தில்லியில் 1996 ஜூலையில், 168 அபாயகரமான தொழிற்சாலைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்தத் தீர்ப்பு இடம்பெயரும் தொழிலாளிக்கு ஓராண்டுச் சம்பளத்தை ஊக்கத்தொகையாகக் கொடுக்கச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் வருகைப்பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அந்தப் பணம் கைக்கு வரும். ஆட்டுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு என்று உருப்படிக் கூலி வாங்குபவருக்கு முதலாளி யார்? வியாபாரியா, ஒப்பந்ததாரரா, மாநகராட்சியா? மூவரும் கைவிரிப்பார்கள். வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று 1985இல் நடைபாதைவாசிகள் வழக்கில் சொல்லப்பட்டது இவருக்கு எட்டவேயில்லை.

2017 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தில் புதிய அரசு பொறுப்பேற்றதும் இறைச்சிக்கூடங்களும் கடைகளும் அடுத்தடுத்து மூடப்பட்டன. அரசு காட்டிய காரணம், உரிமம் இல்லை, நீதிமன்ற ஆணைகளும் பசுமைத் தீர்ப்பாய ஆணைகளும் இருக்கின்றன என்பது. ஏப்ரல் 3 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு இதைக் கேள்விக்குள்ளாக்கியது. உணவுத் தேர்வு 21ஆவது பிரிவோடு தொடர்புடையது, அரசு இத்தனை காலம் வசதி செய்யாமல் இருந்ததையே காரணமாக்கித் தடையைப் போன்ற நிலையை உண்டாக்கக்கூடாது என்றது. இந்தத் தீர்ப்பை மாணவர்கள் தேடிப் படியுங்கள். மாசையும் தீட்டையும் பிரித்துப் பார்த்த தீர்ப்பு அது.

பிரித்துப் பார்ப்பது எப்படி? எளிய வழி ஒன்று உண்டு. அகமதாபாத்தில் சமணர்களின் பர்யூஷண் நாட்களில் 9 நாள் இறைச்சிக்கூடங்களை மூடியதை 2008இல் உச்ச நீதிமன்றம் சரியென்றது. தமிழ்நாட்டிலும் மகாவீர் ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள் என்று இறைச்சிக்கடைகள் அடைக்கப்படுகின்றன. அந்த நாட்களில் கால்வாய் நீரை யாராவது சோதித்துப் பார்க்கிறார்களா? இல்லை. அங்கே பேசப்படுவது புனிதம். நீரைச் சோதித்து, சுத்திகரிப்பு நிலையம் கேட்டால் அது மாசு பற்றிய அக்கறை. நீரைப் பற்றிப் பேசாமல் கதவை மட்டும் பூட்டச் சொன்னால் அது தீட்டு.

அப்படியானால் இந்தத் தொழிலை நாம் தூக்கிப் பிடிக்கிறோமா என்று கேட்பார்கள். இல்லை. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டிறைச்சியை விடுங்கள் என்றார். 2016இல் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காக நம் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டபோது, குஜராத் தலித்துகள் இனி இந்த வேலையைச் செய்யமாட்டோம் என்று உறுதியெடுத்தார்கள். கூடவே 5 ஏக்கர் நிலம் கேட்டார்கள். நிலம் கேட்டு, மானத்தோடு நாமே விட்டு வெளியேறுவது விடுதலை. கையில் ஒன்றுமில்லாமல் ஆணை போட்டு வெளியேற்றுவது வெறும் வெளியேற்றம். இரண்டையும் ஒன்றாக்கப் பார்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

எனவே நம் கோரிக்கைகள் இவை. மூடும் ஆணைக்கு முன் அங்கே உழைக்கும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவாக வேண்டும். மூடியிருக்கும் காலத்துக்கான கூலியை மாநகராட்சி தர வேண்டும். புதிய கூடத்தில் முதல் வேலை பழைய தொழிலாளிக்கு. விட்டுப் போக விரும்புபவருக்கு நிலமோ மாற்றுத் தொழிலோ.

மாணவர்களுக்கு ஒரு வேலை. 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பரிசோதிக்கக்கூடாது. உங்கள் ஊர்க் கூடத்தில் ஒரு நாளில் எத்தனை விலங்குகள் அறுக்கப்படுகின்றன, எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள், வசூலான கட்டணம் எவ்வளவு, சுத்திகரிப்புக்குச் செலவானது எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வரும் பதிலை எடுத்துக்கொண்டு தொழிலாளர்களிடம் போங்கள். மாசு யாருடையது என்று நாளை நீதிமன்றத்தில் சொல்ல அந்தத் தாள் வேண்டும்.