மழைக்காலத்துல வைஃபை ஏன் படுத்துக்குது?

ஐப்பசி பிறந்துட்டா எங்க திருவேங்கடம் பக்கம் ரெண்டு காரணத்துக்காக எல்லாரும் வானத்தைப் பார்ப்பாங்க. ஒண்ணு கரிசக்காட்டு விதைப்பு. இன்னொண்ணு வைஃபை. ஜூன், ஜூலையில குற்றாலத்துக்குச் சாரல் வரும்போது எங்களுக்குக் காத்து மட்டும்தான் வரும். எங்க மழை ஐப்பசி, கார்த்திகையிலதான். அப்பதான் வீடியோ காலும் உறைஞ்சு நிக்கும்.

இது சின்ன விஷயமா தெரியலாம். 2011ல தென்காசி பக்கத்துல மத்தளம்பாறைக்கு ஜோஹோ வந்தப்ப, சாஃப்ட்வேர் வேலைக்கு ஊரை விட்டுப் போகவேண்டியதில்லைன்னு ஒரு நம்பிக்கை வந்தது. இன்னிக்கு என்னை மாதிரி வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவங்களுக்கு அந்த நம்பிக்கை ஒரு மெல்லிசான ஃபைபர்ல தொங்குது. மீட்டிங்ல நாலு தடவை கட் ஆனா, "பேசாம சென்னைக்கே வந்துடுங்களேன்"னு பேச்சு ஆரம்பிச்சிடும்.

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடுவோம். மழையோ குளிரோ உங்க வீட்டுக்குள்ள இருக்கிற வைஃபை சிக்னலைக் கெடுக்கிறதில்லை. மழையில டிஷ் டிவி போயிடுதே, அதனால வைஃபையும் அப்படித்தான்னு நினைக்கிறோம். டிஷ் சிக்னல் சுமார் 36,000 கிலோமீட்டர் தாண்டி, 11, 12 கிகாஹெர்ட்ஸ் அலையில வருது. அந்த அலையை மழைத்துளி நல்லாவே தடுக்கும். வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ். அது போகவேண்டியதும் பத்து இருபது அடிதான்.

அப்ப எது கெடுது? கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். ரௌட்டர்ல இருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிளை நேரா சொருகி ஸ்பீடு பாருங்க. கேபிள்லயும் மெதுவா இருந்தா கோளாறு லைன்ல. கேபிள்ல நல்லா இருந்தா கோளாறு வீட்டுக்குள்ள. இதைப் பார்க்காம பூஸ்டர் வாங்கினா காசுதான் போகும்.

ரௌட்டர்ல "எல்ஓஎஸ்" லைட் சிவப்பா எரிஞ்சா, ஃபைபர்ல வெளிச்சமே வரலைன்னு அர்த்தம். மரக்கிளை விழுந்திருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். நம்ம கையில எதுவும் இல்லை, உடனே புகார் கொடுங்க.

அடுத்தது கரண்ட். வீட்ல கரண்ட் போனாலும் ஃபைபர்ல இன்டர்நெட் பெரும்பாலும் வந்துக்கிட்டுதான் இருக்கும். அணைஞ்சு போறது நம்ம ரௌட்டர்தான். அதுக்கு மினி யூபிஎஸ் போதும். ரௌட்டர் சுமார் 10 வாட் எடுக்கும்னு வைங்க. 30 வாட் அவர் பேட்டரி கணக்குப்படி மூணு மணி நேரம், நடைமுறையில ரெண்டரை. வாங்கும்போது அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டும் யூபிஎஸ் வோல்ட்டும் ஒண்ணான்னு பாருங்க, ஆம்பியர் குறையக்கூடாது. இடி இடிக்கும்போது யூபிஎஸ்ஸோட பிளக்கைச் சுவர்ல இருந்து உருவிடுங்க. ரௌட்டர் பேட்டரியில ஓடும், கரண்ட் லைன் வழியா வர்ற அடியும் ரௌட்டருக்கு வராது.

இப்ப வீட்டுக்குள்ள வருவோம். வெயில் காலத்துல நான் திண்ணையில உக்காந்து வேலை பார்ப்பேன். மழைக்கு உள்ரூமுக்கு மாறினதும் நடுவுல ரெண்டு கனமான சுவர், ஒரு இரும்பு பீரோ. இரும்பைத் தாண்டி சிக்னல் போகாது, ஈரம் ஊறின சுவரும் கொஞ்சம் கூடுதலாவே உறிஞ்சும். ரௌட்டரை டிவிக்குப் பின்னாடி ஒளிச்சு வைக்காம, வீட்டு நடுவுல, ஆள் உயரத்துல வைங்க. ஒரே ரூம்னா 5 கிகாஹெர்ட்ஸ், சுவர் தாண்டினா 2.4. பக்கத்து வீட்டு ரௌட்டர்கள் நிறைய இருந்தா 2.4ல 1, 6, 11ல காலியான சேனலுக்கு மாத்துங்க.

இதுக்கும் சரியாகலைன்னா உள்ரூம் வரைக்கும் லேன் கேபிள் இழுத்து, பழைய ரௌட்டரை ஆக்சஸ் பாயிண்டா மாட்டுங்க. நான் அப்படித்தான் பண்ணேன். சாதாரண ரிப்பீட்டர் வாங்குறதையும் திருப்பி அனுப்புறதையும் ஒரே அலையில செய்யும், அதனால ஸ்பீடு கிட்டத்தட்ட பாதியாயிடும்.

கடைசியா, டிசம்பர்ல அரையாண்டு லீவு. எல்லாரும் வீட்ல. தம்பி கேம் அப்டேட் போடுவான், அக்கா போன் ஃபோட்டோவையெல்லாம் கிளவுடுக்கு ஏத்தும். உங்க வீடியோ கால் கெடுறது பல நேரம் டவுன்லோடுனால இல்ல, இந்த அப்லோடுனாலதான். அப்லோடு நிரம்பிட்டா உங்க குரல் வரிசையில நிக்கும். பேக்கப்பை ராத்திரிக்கு மாத்திடுங்க. பத்து பைசா செலவில்லை.

அடுத்த மழைக்கு முன்னாடி அந்த லேன் கேபிள் சோதனையை மட்டும் பண்ணிப் பாருங்க. லைனா, கரண்டா, சுவரா, கூட்டமா? உங்க வீட்ல எதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.